பால் விடாத டீ

என் அண்ணன் மாலகியின் மனைவி அட்ராக்டாவின் கையைப் பற்றி எங்கள் லீட்ரிம் மாவட்டத்துக் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். கன்று குறுக்கே கிடந்து பசு தவிக்கிறது, மாட்டு வைத்தியர் வர நேரமாகும் என்றால் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். முழங்கை வரை சோப்பைத் தேய்த்துக்கொண்டு, கையை உள்ளே விட்டு, கூரையைப் பார்த்தபடியே கன்றைத் திருப்பி எடுத்துவிடுவாள். பிள்ளைகள் காலில் முள் ஏறினாலும் அவள்தான். கிழவர் கில்ரேனின் முதுகில் கட்டி பழுத்தாலும் அவள்தான். அவளுடைய அம்மா செத்த அன்று வீடு முழுக்க ஒப்பாரியாக இருந்தபோது, வந்தவர்கள் பசியோடு போகக்கூடாதென்று அவள் சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "இவளுக்கு நெஞ்சா, இல்லை அடுப்பில் போடும் கரிமண் கட்டியா?" என்று கேட்டவர்களில் நானும் உண்டு.

என் பெயர் கான்செப்டா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாசம். நாத்தனார் என்றால் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசத்தானே செய்வாள்? நானும் பேசியிருக்கிறேன். ஆனால் எண்பத்து மூன்றாம் வருஷம் நடந்ததைப் பற்றி ஊர் பேசிய பேச்சு எனக்கே பொறுக்கவில்லை. அதனால்தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்.

அட்ராக்டாவுக்கும் என் அண்ணனுக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் எத்னா. அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் வரிசையாக எல்லாப் பிள்ளைகளின் மார்பிலும் குழாயை வைத்துப் பார்த்தவர், எத்னாவிடம் வந்தபோது மட்டும் வைத்த குழாயை வெகு நேரம் எடுக்கவேயில்லை. அதற்குப் பிறகு தலைநகர் டப்ளினுக்குப் போங்கள் என்றார்கள். டப்ளினில் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை என்றார்கள்.

மாலகி வரவில்லை. அவன் பேசுவதெல்லாம் மாடுகளிடம்தான். டாக்டர் என்றால் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்குவானே தவிர, வாயைத் திறக்கமாட்டான். அதனால் நான்தான் கூடப் போனேன். பெரிய டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"மார்பைத் திறந்து இந்த ஓட்டையைத் தைச்சுட்டாப் போதும்மா. இப்படியே விட்டா, வளர்ந்து பெரியவளாகும்போது இதயம் களைச்சுப் போயிடும்."

"வலிக்குதுன்னு அவ ஒரு நாள் கூடச் சொல்லலையே டாக்டர்," என்றாள் அட்ராக்டா.

"சொல்ல மாட்டா. இதுல சிக்கலே அதுதான்."

ஊருக்குத் திரும்பும் ரயிலில் எத்னா ஒரு நிமிடம் உட்காரவில்லை. பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். முன்பின் தெரியாத ஒரு ராணுவக்காரரின் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நீயே பாரு கான்செப்டா. எங்கேயாவது ஓட்டை இருக்கிற மாதிரியா ஓடறா?"

எனக்கும் புரியவில்லைதான். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். துள்ளிக் குதிக்கும் பிள்ளையைக் கொண்டுபோய், இந்தாருங்கள், அறுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுப்பது எப்படி?

அந்தக் கோடை முழுவதும் அட்ராக்டா ஒரு மாதிரியாக இருந்தாள். அழவில்லை, புலம்பவில்லை. கோழிக்கூட்டைக் கழுவினாள். கழுவிய கூட்டையே மறுபடி கழுவினாள். மாட்டுக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பாதி வேலையில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எதற்கு எழுந்தோம் என்று யோசித்துக்கொண்டு முற்றத்தில் நிற்பாள். எத்னா தூங்கும்போது அவள் மார்பில் காதை வைத்துக் கேட்பாள். "ஓட்டைன்னா ஏதாவது சத்தம் வரணும்ல? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே," என்று என்னிடம் வந்து சொல்வாள். ஒரு நாள் டாக்டர் சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்பாள். மறுநாளே டாக்டர்கள் வேறு யாருடைய படத்தையோ பார்த்துவிட்டார்கள் என்பாள். இரண்டையும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு சொன்னதுதான் எனக்குக் குலைநடுக்கமாக இருந்தது.

நாள் குறித்துக் கடிதம் வந்ததும் ஊரே வீட்டுக்கு வந்தது. லூர்து தீர்த்தம், ஜெபமாலை, மாதா உருவம் பொறித்த பதக்கங்கள், யாரோ ஒரு புனிதரின் அங்கியிலிருந்து கிழித்த நூல் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பதக்கங்களை எல்லாம் எத்னாவின் பனியனில் ஊக்கு போட்டுக் குத்தினோம். யுத்தத்தில் ஜெயித்துவிட்டு வந்த தளபதிக்குக்கூட அத்தனை பதக்கம் இருக்காது. நடந்தால் கலகலவென்று சத்தம் வந்தது. அது பிடித்துப்போய் அவள் வேண்டுமென்றே குதித்துக் குதித்து நடந்தாள்.

டப்ளினில் முந்தின நாளே பிள்ளையை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வார்டைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் பெனிக்னா என்ற கன்னியாஸ்திரீ. குட்டையான உருவம், ரப்பர் செருப்பு, வந்து நிற்கும் சத்தமே கேட்காது. நடுராத்திரிக்கு மேல் பிள்ளையின் வாயில் ஒன்றும் படக்கூடாது, விரதம் என்று தெளிவாகத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் கால்வாய்க்கரையில் இருந்த என் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் வார்டுக்கு வந்தோம். எத்னா எழுந்து உட்கார்ந்து பசி, பசி என்று அழுதுகொண்டிருந்தாள். நான் கீழே போய், ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மாலகியைக் கூப்பிடச் சொல்லி, அவன் வந்து, "ம்" என்று மூன்று தடவை சொன்னதைக் கேட்டுவிட்டு மேலே வந்தேன். பிள்ளையின் அழுகை நின்றிருந்தது. அட்ராக்டா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பாடா, எப்படியோ சமாதானப்படுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் பெனிக்னா வந்தார். "வாயில ஏதாவது போச்சாம்மா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

தள்ளுவண்டி வந்தது. பனியனோடு பதக்கங்களையும் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு வண்டிக் கம்பியில் கட்டினார்கள். நாங்கள் கூடவே நடந்தோம். ஆபரேஷன் அறைக் கதவு வந்ததும் சிஸ்டர் நின்றார். "இதுவரைக்கும்தான்மா. ஒரு முத்தம் கொடுத்து அனுப்புங்க."

அட்ராக்டா குனிந்து முத்தம் கொடுத்தாள். நிமிர்ந்தாள்.

"சிஸ்டர், டீ கணக்குல வருமா?"

"என்ன டீ?"

"பால் விடலை."

சிஸ்டரின் முகம் மாறிவிட்டது.

"எப்போ கொடுத்தீங்க?"

"காலையிலதான். பிளாஸ்க்ல இருந்து ரெண்டு மடக்கு. சர்க்கரை மட்டும்தான், பால் விடவே இல்லை."

"நான் கேட்டேனேம்மா!"

"கேட்டீங்க."

"ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே!"

"பால் விடலையே சிஸ்டர்..."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே லாஃப் டெர்க் தீவுக்கு நேர்ந்துகொண்டு போனவர்கள்தான். வெறுங்காலோடு கூர்ங்கல்லில் சுற்றிச் சுற்றி வந்து, ராத்தூக்கம் விட்டு, மூன்று நாள் விரதம். அந்த விரதத்தில் காய்ந்த ரொட்டியும் பால் விடாத டீயும் மட்டும் உண்டு. பால் விட்டால்தான் அது சாப்பாடு, விடாவிட்டால் விரதம் முறியாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய கணக்கு. அட்ராக்டா மூன்று முறை போய்வந்தவள். ஆனால் மயக்கமருந்து கொடுக்கிற டாக்டருக்கு லாஃப் டெர்க்கைப் பற்றி என்ன கவலை? முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தார். மயக்கத்தில் பிள்ளை வாந்தியெடுத்து அது மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"திருப்புங்க," என்றார்.

வண்டியைத் திருப்பினார்கள். அப்போது நான் அட்ராக்டாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் அட்ராக்டா அதையே கேட்டாள். எத்னா என் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

"வண்டியைத் திருப்பும்போது நீ என் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தே. என்ன இருந்துச்சு அதுல?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது, அதுவும் கோபமாக இருக்கும்போது சுத்தமாக வராது.

"சிரிச்சே."

ரயில் முல்லிங்கார் ஸ்டேஷனைத் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே மழை. பிறகு, "அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கேன்," என்றாள்.

"பால் விடலையே நீ? விரதத்துக்கு ஆகும்னு நினைச்சுத்தானே கொடுத்தே?"

"அதான் பாரு. விரதம்ங்கிற நினைப்பு இல்லாட்டி வழக்கம்போலப் பாலை விட்டிருப்பேன். விடலையே. அப்போ நினைப்பு இருந்திருக்கு."

"சரி, நினைப்பு இருந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சுதா, தெரியலையா? அதைச் சொல்லு."

"தெரியல கான்செப்டா. அவ அழுதா. என் கை ஊத்துச்சு."

"கைக்கு மேல ஒரு தலை இருக்கில்ல?"

"இருந்துச்சு. அது என்ன நினைச்சுதுன்னு எனக்குத் தெரியல."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திரும்ப எப்போது கூப்பிடுவார்களோ, எத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களோ! அவளை நன்றாகத் திட்டினேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலிலேயே மிஸஸ் கில்ரேன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது ஆண்டவர் காட்டின அடையாளம்டி பொண்ணே. பிள்ளையைத் தொடாதேங்கிறார். நீ பாட்டுக்கு வீட்டுல வெச்சுக்கோ." மளிகைக்கடையில் வேறு பேச்சு. "பெத்த பிள்ளைக்கே விஷம் வெக்கத் தெரிஞ்சவ, மாட்டைத் தொட விடலாமா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அவளிடம் போய் நான் கேட்டதை இங்கே எழுத முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து, அவள் கேட்ட அதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் நானே அட்ராக்டாவிடம் கேட்டேன் என்பதும் உண்மை.

மாலகி என்ன சொன்னான் என்கிறீர்களா? "பாலை விட்டிருந்தா விரதத்தை மறந்துட்டான்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம்," என்றான். கொட்டகைக்குப் போய்விட்டான்.

கடைசியில் அட்ராக்டா பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். ஃபாதர் மகோவர்ன் நல்ல மனிதர், கொஞ்சம் காது மந்தம். பாவம் என்றால் முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பெரிய பாவத்தில் சேராது என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவரும் அதைத்தான் கேட்டாராம்.

"முழு அறிவோட செஞ்சியாம்மா?"

"அதைத்தான் ஃபாதர் உங்களைக் கேக்க வந்தேன்."

"நான் எப்படிம்மா சொல்றது?"

"உங்களுக்கும் தெரியாதா ஃபாதர்?"

அவர், எதற்கும் ஒரு ஜெபமாலை சொல்லிவிடு என்றாராம். இதை அவள் எங்கள் வீட்டு அடுப்படியில் வைத்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தன் சிரிப்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்துவிட்டாள் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பதை அவள் நிறுத்தினாள். கில்ரேன் வீட்டுப் பசு ஈன முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தபோது, கையில் சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எத்னாவுக்கு இருமல் மருந்து கொடுக்க வேண்டுமென்றால் புட்டியை மாலகியிடம் நீட்டினாள். அவன் கன்றுக்கு மருந்து புகட்டுவதுபோல் பிள்ளையின் தாடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினான். பாதி சட்டையில் போனது. "நீ கொடும்மா, அப்பாவுக்குத் தெரியலை," என்று எத்னா கெஞ்சினாள். அட்ராக்டா கைகளை இரண்டு கக்கத்திலும் செருகிக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இதயத்தில் ஓட்டை பிள்ளைக்கு மட்டும்தானா என்று தோன்றியது.

இலையுதிர்காலத்தில் மறுபடி நாள் குறித்துக் கடிதம் வந்தது. அட்ராக்டா அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நீ கூட்டிட்டுப் போ. நான் வார்டுக்குள்ள வரமாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? பிள்ளை அம்மா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஏதாவது சொல்லு. நான் உள்ள வந்தா மறுபடி ஏதாவது செஞ்சிடுவேன். கதவு வரைக்கும் வந்துட்டு அவளைத் தூக்கிட்டு ஓடிடுவேன். என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது, அதுதான் விஷயம். இந்தத் தடவை ஏதாவது ஆச்சுன்னா அவளுக்கு ஆபரேஷனே நடக்காது கான்செப்டா."

"பெத்தவ நீ. நான் ஒரு பிள்ளையைக் கூடப் பெறாதவ."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். உனக்கு மனசு குழம்பாது."

பாராட்டா, குத்தலா என்று தெரியாமலே தலையாட்டிவிட்டேன். எனக்கும் மனதுக்குள் ஒரு இறுமாப்பு இருந்தது. ஒரு பிள்ளையை ஒரு காலைப்பொழுது பட்டினி போடுவது என்ன பெரிய வித்தையா என்ற நினைப்பு.

டப்ளினில் மறுபடி அதே வார்டு, அதே சிஸ்டர் பெனிக்னா. விடிந்ததும் நான் மட்டும் உள்ளே போனேன். அட்ராக்டா ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கால்வாய்ப் பாலத்தருகே நின்றுகொண்டாள். எத்னா என் பின்னால் பார்த்தாள்.

"அம்மா எங்கே?"

"வெளியில இருக்கா."

"ஏன்?"

"காத்து வாங்கறா."

"இங்கேயும் காத்து இருக்கே அத்தை."

கதை சொன்னேன். கேட்கவில்லை. விரலால் நிழல் முயல் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய அழுகையாக அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், பள்ளிக்கூடத்தில் அழுகிற பிள்ளைகளைப் பார்க்காதவளா நான்? இவள் சத்தமில்லாமல் உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருந்தாள். வறண்டு போன சின்ன உதடு. "தாகமா இருக்கு அத்தை. கொஞ்சூண்டு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பக்கத்துக் கட்டில் மேசையில் தண்ணீர் ஜாடி இருந்தது. என் கை அந்த ஜாடியின் காதைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். பிடித்திருந்ததைத்தான் பார்த்தேன், அதற்கு முன்னால் நீட்டியது எனக்குத் தெரியாது. யோசித்து முடிவெடுத்தேனா? இல்லை. மறந்துவிட்டேனா? அதுவும் இல்லை, விரதம் என்று நன்றாக நினைவிருந்தது. தாகமாக இருக்கும் பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான் என்று ஒருத்தியே இல்லாமல் போயிருந்தாள். சூடுபட்டதுபோல் கையை எடுத்தேன். பெத்த மனம் பித்து என்பார்கள். பெறாத மனமும் அப்படித்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளை நான் ரயிலில் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து, வெட்கமாகப் போனது.

பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாயிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். அட்ராக்டா பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு முழுக்கத் தூறல்.

"வா உள்ள."

"என்னாச்சு? ஏதாவது கொடுத்துட்டியா?"

"கொடுக்கல. கொடுக்கப் பார்த்தேன்."

"நீயா?"

"நான்தான். என்னைய நம்பி விட்டே பாரு, உன்னைச் சொல்லணும். வாடி உள்ள."

"வேண்டாம் கான்செப்டா. என் கையை நான் நம்பமாட்டேன்."

"நம்பவேண்டாம். உன் கையை நான் பிடிச்சுக்கிறேன், என் கையை நீ பிடிச்சுக்கோ. நாலு கையும் மாட்டிக்கிட்டா எவ எதைக் கொடுக்க முடியும்?"

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு வந்தாள்.

அம்மாவைக் கண்டதும் எத்னா அப்போதுதான் குரலெடுத்து அழுதாள். நாங்கள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து, பிள்ளைக்குக் குறுக்கே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அவள் எங்கள் கைகளுக்குக் கீழே படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள், டீ கேட்டாள், ஒரு துண்டு ரொட்டியாவது கொடு என்றாள். ஒவ்வொரு தடவையும் அட்ராக்டாவின் விரல்கள் என் கைக்குள் இழுத்துக்கொண்டன. அவள் விரல் இழுத்ததா, என்னுடையதா என்று சில நேரம் எனக்கே தெரியவில்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. அந்தக் கன்று இழுக்கிற பிடியை நான் அன்றுதான் அனுபவித்தேன்.

சிஸ்டர் பெனிக்னா வந்து எங்கள் கோலத்தைப் பார்த்தார். வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டார்.

"வாயில ஏதாவது போச்சாம்மா?"

"இல்லை சிஸ்டர்," என்றாள் அட்ராக்டா. "பால் விட்டதும் இல்லை, விடாததும் இல்லை."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "சத்தியமா இல்லை சிஸ்டர்," என்றேன்.

வண்டியோடு நடந்தோம். கதவு வந்தது. அட்ராக்டா முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். வண்டி நகரவில்லை. என்னவென்று பார்த்தால், அவள் வலதுகை வண்டிக் கம்பியைப் பிடித்திருந்தது. சிஸ்டர் பொறுமையாக நின்றார். நான் விடுவிக்கப் போனேன். அட்ராக்டா வேண்டாமென்று தலையாட்டினாள். இடதுகையால் தன் வலதுகையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வேறு யாருடைய கையையோ எடுப்பதுபோல் எடுத்தாள். கட்டைவிரலை எடுக்கத்தான் வெகு நேரமானது. எத்னா அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது.

"நீங்க இப்போ போகலாம்மா," என்றார் சிஸ்டர்.

"எங்கே சிஸ்டர்?" என்று கேட்டாள் அட்ராக்டா.

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்கே போவது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. சிஸ்டர் பக்கத்திலிருந்த பெஞ்சைக் காட்டினார். அதில் உட்கார்ந்தோம். எழுந்தோம். நடந்தோம். மறுபடி வந்து உட்கார்ந்தோம். "இப்போ அவ மார்பு திறந்திருக்குமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நான் இப்போ என்ன நினைக்கணும்?" என்றாள். ஜெபம் சொல்ல ஆரம்பித்து நடுவில் வார்த்தை மறந்து நின்றாள், நான் எடுத்துக்கொடுக்கப் போனேன், எனக்கும் மறந்துபோயிருந்தது.

பெரிய டாக்டர் பிற்பகலில் வந்தார். கண்ணுக்குக் கீழே முகமூடியின் தடம். "நல்லபடியா முடிஞ்சுது. ஓட்டையைத் தைச்சாச்சு," என்றார். அட்ராக்டா அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டாள். "அங்கே நிஜமாவே ஓட்டை இருந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இருந்துதும்மா. என் விரல் போகும்."

அப்போதுதான் அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சில நாட்கள் கழித்து எத்னாவைக் குழாய்களெல்லாம் எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தொண்டை கரகரத்தது. நடுமார்பில் மேலிருந்து கீழாகக் கட்டு. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது.

"அம்மா, அன்னிக்கு நீ ஏன் வெளியில நின்னே? காத்து வாங்கறேன்னு அத்தை பொய் சொன்னா."

அட்ராக்டா பிள்ளைகளிடம் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "பயமா இருந்துச்சு," என்றாள்.

"டாக்டரைப் பார்த்தா?"

"இல்ல. என்னைப் பார்த்து. நான் உனக்கு ஏதாவது கெடுதல் செஞ்சிடுவேனோன்னு."

எத்னா கட்டிலில் தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு உன்னைப் பார்த்தா பயமே வரலையே," என்றாள், தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல. "நானும் பயப்படணுமாம்மா?"

அட்ராக்டா என் பக்கம் திரும்பினாள். பாவமா என்று ஃபாதரைக் கேட்டவள், முகத்தில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்டவள், இதற்கும் யாராவது பதில் சொல்லிவிடுவார்களா என்று பார்த்தாள். நான் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"வேண்டாம்டி கண்ணு," என்றாள் அவளே, மகளைப் பார்த்து. "நீ பயப்படவேண்டாம்."

அந்தக் கோடையிலிருந்து தன்னைப் பற்றி 'தெரியல' என்று சொல்லாமல், வேறு யாரையும் கேட்காமல் அவளே தீர்ப்புச் சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.